போன் பண்ணவா, மெசேஜ் போடவா?

என் நெருங்கிய தோழி ஒருத்தி, நான் கூப்பிட்டால் எடுக்கவே மாட்டாள். மணி அடித்து ஓய்ந்து பத்து நிமிடம் கழித்து, "என்னடி, சொல்லு" என்று மெசேஜ் வரும். போன் கையில்தான் இருக்கிறது, என்னோடு பேசத்தான் மனமில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஏறக்குறைய ஒரு வருடம் இப்படியே போயிற்று. கூப்பிடுவதைக் குறைத்தேன். அவளுடைய நீளமான மெசேஜ்களுக்கு "ம்", "சரி" என்று பதில் போட ஆரம்பித்தேன். ஒருநாள் நேரில் பார்த்தபோது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "வீட்ல எனக்குன்னு ஒரு ரூம் கிடையாதுடி. நான் பேசுற ஒவ்வொரு வார்த்தையும் நாலு பேர் காதுல விழும். உன்கிட்ட மனசுவிட்டுப் பேசணும்னா எழுதத்தான் முடியும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து அந்த ஒரு வருடத்து மெசேஜ்களை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். வேறு யாரிடமும் சொல்லாததையெல்லாம் எனக்கு எழுதியிருந்தாள். அதைப் பேச்சு என்றே நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நண்பரோடு பேச இன்றைக்கு நேர்ச் சந்திப்பு, போன், வீடியோ கால், வாய்ஸ் மெசேஜ், எழுத்து என்று பல வழிகள் இருக்கின்றன. இவற்றில் ஒருவர் எதை முதலில் நாடுகிறார், எதைத் தள்ளிப்போடுகிறார், ஏன் அப்படிச் செய்கிறார் என்பதைத்தான் தொடர்பு விருப்பம் என்கிறார்கள். பெயர் கொஞ்சம் கனமாக இருந்தாலும் விஷயம் எளிதானது. அந்த "ஏன்" மட்டும் தெரியாமல் போனால், நண்பர் தேர்ந்தெடுத்த வழியையே அவருடைய அன்பின் அளவாக எடுத்துக்கொண்டுவிடுகிறோம். நான் செய்த தப்பு அதுதான். புதிதாக இதை யோசிக்கத் தொடங்குபவர்களுக்காக, எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன்.

உடனே பதில் சொல்ல வேண்டிய பேச்சு

எல்லா வழிகளையும் முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். நேரில் பேசினாலும் போனில் பேசினாலும் வீடியோவில் பேசினாலும் இருவரும் ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். கேட்டதற்கு அப்போதே பதில் வர வேண்டும். கடிதம், மின்னஞ்சல், மெசேஜ், வாய்ஸ் மெசேஜ் எல்லாம் வேறு வகை. நான் காலையில் சொன்னதற்கு நீங்கள் ராத்திரி பதில் சொல்லலாம். கேட்பதற்குச் சின்ன வித்தியாசமாகத் தோன்றும். ஆனால் போன் பிடிக்கும், போன் பிடிக்காது என்கிற விருப்பு வெறுப்பில் பெரும்பகுதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

எதிரெதிரே உட்கார்ந்து பேசும் பேச்சு நாம் நினைப்பதைவிட வேகமானது. 2009-இல் தான்யா ஸ்டிவர்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் உலகின் வெவ்வேறு மூலைகளில் பேசப்படும் பத்து மொழிகளை எடுத்துக்கொண்டு, மக்கள் இயல்பாகப் பேசிக்கொள்வதைப் பதிவுசெய்து அளந்தார்கள். ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி இருந்தது. மொழிக்கு மொழி கொஞ்சம் முன்பின் இருந்தாலும், எந்த மொழியிலும் அந்தச் சராசரி அரை நொடியைத் தொடவில்லை.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். மனதில் ஒரு சொல்லைத் தேடி எடுத்து வாயால் சொல்லவே அரை நொடிக்கு மேல் ஆகிறது. அப்படியென்றால், எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள்ளேயே நாம் பதிலைக் கோக்கத் தொடங்கிவிடுகிறோம். அவர் சொல்வதைக் கேட்க வேண்டும், எங்கே முடிப்பார் என்று ஊகிக்க வேண்டும், நம் வாக்கியத்தைத் தயாராக வைத்திருக்க வேண்டும், முகத்தையும் கவனிக்க வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கிறது. சாதாரணமாக அரட்டை அடிக்கிறோம் என்று சொல்கிறோமே, அதற்குள் இவ்வளவு வேலை இருக்கிறது.

சிலருக்கு இந்த ஓட்டம்தான் இன்பம். ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை இன்னொருவர் முடிப்பதும், சிரிப்பு ஒன்றன்மேல் ஒன்று விழுவதும் அவர்களுக்கு வேண்டும். அவர்களைப் போய் மெசேஜில் பேசச் சொன்னால் கையைக் கட்டிப் போட்டதுபோல இருக்கும். வேறு சிலர் யோசித்துச் சொல்பவர்கள். கேள்வி வந்ததும் உள்ளே போய்த் தேடிக்கொண்டு வருவார்கள். அதற்குள் பேச்சு நாலு தெரு தாண்டிப் போயிருக்கும். போனை வைத்த பிறகு, "ஐயோ, இதைச் சொல்லியிருக்கலாமே" என்று மனசு அடித்துக்கொள்ளும். இவர்களுக்கு எழுத்து பெரிய விடுதலை. எழுதி, அழித்து, மறுபடி எழுதி அனுப்பலாம். அவர்கள் அனுப்பும் மூன்று வரி மெசேஜுக்குப் பின்னால் அரை மணி நேர யோசனை இருக்கலாம். படிக்கும் நமக்கு அது தெரிவதில்லை.

வீடியோ காலில் ஏன் களைப்பாகிறது என்று பலரும் கேட்கிறார்கள். அதற்கும் இந்த வேகத்தோடு தொடர்பு உண்டு. இணைய வழியில் குரல் போய்ச் சேர ஒரு சின்னத் தாமதம் ஆகிறது. ஐந்தில் ஒரு நொடியில் இயங்கும் பேச்சுக்கு அந்தத் தாமதமே போதும். இருவரும் ஒன்றாகத் தொடங்கி, ஒன்றாக நிறுத்தி, "நீ சொல்லு", "இல்ல, நீ சொல்லு" என்று தடுமாறுவோம். எதிரில் இருப்பவர் மெதுவாகப் பதில் சொல்வதாகவும், ஆர்வமில்லாமல் இருப்பதாகவும் ஓர் எண்ணம் நமக்கே தெரியாமல் வந்துவிடும். குற்றம் இணைப்பினுடையது, பழி ஆளின்மேல் விழுகிறது. இது போதாதென்று, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் வேறு நான்கு காரணங்களையும் எடுத்துச் சொன்னார். முகங்கள் திரையில் மிக அருகில் பெரிதாக நம்மையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. நம் முகத்தையே நாம் ஓயாமல் பார்க்கிறோம். ஒரே இடத்தில் அசையாமல் உட்கார வேண்டியிருக்கிறது. தலையாட்டுவது, கண் பார்ப்பது போன்ற குறிப்புகளை வலிந்து காட்ட வேண்டியிருக்கிறது. நண்பரோடு பேசும்போது நம் முகம் தெரியும் சின்னப் பெட்டியை மறைத்து வைத்துப் பாருங்கள். எனக்கு அது ஒன்றே நல்ல மாற்றம் தந்தது.

எழுத்தில் தொலைந்து போவது

ஒவ்வொரு வழியும் எவ்வளவு குறிப்புகளைச் சுமந்து போகிறது என்பது அடுத்த விஷயம். 1980-களில் ரிச்சர்ட் டாஃப்ட், ராபர்ட் லெங்கல் என்ற இருவர் இதை ஒரு கோட்பாடாகவே சொன்னார்கள். நேர்ப் பேச்சில் சொல், குரல், முகம், கை, உடனடிப் பதில் எல்லாம் இருக்கின்றன. போனில் முகம் போய்விடுகிறது. எழுத்தில் குரலும் போய்விடுகிறது. குழப்பமான விஷயத்துக்குக் குறிப்புகள் நிறைந்த வழி வேண்டும், தெளிவான விஷயத்துக்கு எளிய வழி போதும் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். அலுவலக நிர்வாகத்தை மனதில் வைத்துச் சொன்னது என்றாலும் நட்புக்கும் ஓரளவு பொருந்துகிறது.

இந்த இடத்தில் ஒரு பொய்க் கணக்கை ஒதுக்கிவிட வேண்டும். பேச்சில் சொற்களுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதி 93 சதவீதம் குரலும் உடல்மொழியும் என்று பல மேடைகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து பிய்த்து எடுத்த கணக்கு அது. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு குரலில் சொல்லவைத்து, முகப் படங்களைக் காட்டி, விருப்பம் வெறுப்பு போன்ற உணர்ச்சியை மக்கள் எப்படிக் கணிக்கிறார்கள் என்று பார்த்தார் அவர். சொல் ஒன்றும் குரல் வேறொன்றும் காட்டும்போது ஆட்கள் குரலையும் முகத்தையும் நம்புகிறார்கள் என்பதுதான் அதிலிருந்து தெரிவது. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் கணக்கு நிஜமாக இருந்தால், தெரியாத மொழிப் பேச்சில் பத்தில் ஒன்பது பங்கு நமக்குப் புரிந்துவிட வேண்டுமே!

எழுத்தில் எவ்வளவு தொலைகிறது என்பதைவிட, தொலைந்தது நமக்குத் தெரியாமல் போவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி ஆகியோர் சில உளவியலாளர்களோடு சேர்ந்து 2005-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கிண்டலாகவும் நிஜமாகவும் எழுதிய வாக்கியங்களைச் சிலர் மின்னஞ்சலில் அனுப்பினார்கள், சிலர் குரலில் சொன்னார்கள். கேட்பவர் சரியாகக் கண்டுபிடித்துவிடுவார் என்று அனுப்பியவர்கள் இரண்டு வழியிலுமே கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு, நூற்றுக்கு 78 என்கிற கணக்கில், நம்பினார்கள். குரலில் கேட்டவர்கள் ஏறக்குறைய அந்த அளவுக்கே கண்டுபிடித்தார்கள். மின்னஞ்சலில் படித்தவர்களோ நூற்றுக்கு 56 தான். நாணயம் சுண்டிப் பார்த்தாலே 50 வந்துவிடும்.

காரணம் எளிது. நாம் எழுதும்போது நம் குரல் நம் தலைக்குள் ஒலிக்கிறது. "நீ ரொம்ப நல்லவ" என்று சிரித்துக்கொண்டே தட்டுகிறோம். அந்தச் சிரிப்பும் கூடவே போவதாக நமக்குத் தோன்றுகிறது. போவது எழுத்து மட்டும். படிப்பவர் அப்போது என்ன மனநிலையில் இருக்கிறாரோ அந்தக் குரலில்தான் அது அவருக்குக் கேட்கும்.

தமிழில் இது இன்னும் நுணுக்கமானது. "சரி", "சரிப்பா", "சரிங்க", "சரி சரி", "சரி விடு" எல்லாம் ஒரே சொல்லின் வெவ்வேறு முகங்கள். எப்போதும் "சரிடி" என்று எழுதுபவள் ஒருநாள் வெறும் "சரி" என்று போட்டால், அந்த ஒரு "டி" எங்கே போயிற்று என்று மனசு தேடும். "நீ வர்ற" என்பதைப் பேச்சில் இழுத்துச் சொன்னால் கேள்வி, அழுத்திச் சொன்னால் கட்டளை, சாதாரணமாகச் சொன்னால் தகவல். எழுத்தில் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். இதற்கு மேல், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும் பழக்கம் வேறு நம்மில் பலருக்கு இருக்கிறது. அவசரத்தில் ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்தைத் தட்டுவோம். "வழி இல்லை" என்று எழுதியது "வலி இல்லை" என்று போய்ச் சேரும். இந்தப் பழக்கம் வேரூன்றியதற்குத் தொழில்நுட்பமும் ஒரு காரணம். 1992 டிசம்பர் 3-ஆம் தேதி உலகின் முதல் எஸ்எம்எஸ் போனதிலிருந்து ஆங்கில எழுத்துக்கு ஒரு செய்தியில் 160 இடம் என்பதுதான் கணக்கு. தமிழ் எழுத்தில் அனுப்பினால் 70 தான். அதிலும் "கொ" போன்ற ஓர் எழுத்து இரண்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

தொலைந்த குரலை மீட்கும் முயற்சிதான் ஸ்மைலி. 1982 செப்டம்பர் 19-ஆம் தேதி கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃபால்மன், கணினி வழி அறிவிப்புகளில் வேடிக்கையாகச் சொன்னதைச் சிலர் நிஜம் என்று எடுத்துக்கொள்வதைப் பார்த்து, முக்காற்புள்ளி, சிறு கோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துச் சிரிக்கும் முகமாகப் போடலாமே என்று எழுதினார். இன்றைய இமோஜிகளும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் அவற்றிலும் ஆளுக்கு ஆள் பொருள் மாறுகிறது. கட்டைவிரல் உயர்த்திய இமோஜி ஒருவருக்கு "நன்றாகப் புரிந்தது", இன்னொருவருக்கு "இத்தோடு பேச்சை முடித்துக்கொள்". நெருங்கிய நண்பரிடம் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்வதில் தவறில்லை.

மிஞ்சுவது

பேச்சு காற்றோடு போய்விடும், எழுத்து தங்கிவிடும். சிலருக்கு அதுவே எழுத்தின் அருமை; மனம் சோர்ந்த நாளில் பழைய மெசேஜை எடுத்துப் படித்துக்கொள்ளலாம். சிலருக்கு அதுவே பயம். எழுதியதை யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு எங்காவது அனுப்பிவிட்டால்? ஏற்கெனவே அப்படி ஒருமுறை சூடு பட்டவர்கள் முக்கியமானதை எழுதவே மாட்டார்கள், "கூப்பிடு, சொல்றேன்" என்பார்கள். அதை மர்மம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வாட்ஸ்அப்பில் 2014 நவம்பரில் வந்த நீல டிக்கும் ஒரு வகையில் மிஞ்சும் சாட்சிதான். படித்தாயிற்று என்று அது காட்டிக்கொடுக்கிறது. அவகாசம் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்காக எழுத்தைத் தேர்ந்தவருக்கு, அந்த அவகாசத்தையே அது பறித்துவிடுகிறது. படித்தும் பதில் போடாதவர் நம்மை ஒதுக்கினார் என்று சொல்ல முடியாது. நல்ல பதிலாகச் சொல்ல வேண்டும் என்று ஒத்திப்போட்டு, ஒத்திப்போட்ட வெட்கத்திலேயே இன்னும் ஒத்திப்போடுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன்.

ஆளுக்கொரு காரணம்

என் தோழிக்குக் கதவு இல்லாததுதான் காரணம். இப்படி, குணத்தோடு சம்பந்தமே இல்லாத காரணங்கள் எத்தனையோ இருக்கின்றன. காது சரியாகக் கேட்காதவர்களுக்குப் போன் பேச்சு பெரும்பாடு. சாதாரணத் தொலைபேசி இணைப்பு ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்துகிறது, உதட்டைப் பார்த்து ஊகிக்கவும் வழியில்லை. திக்குவாய் உள்ளவர்களுக்குப் போனில் அந்த முதல் "ஹலோ"வே மலை. நேரில் என்றால் முகம் பார்த்துக் காத்திருப்பார்கள், போனில் இணைப்பு அறுந்துவிட்டது என்று வைத்துவிடுவார்கள். வாசிப்பதைச் சிரமமாக்கும் டிஸ்லெக்ஸியா உள்ளவர்களுக்கும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் குரல்தான் நிம்மதி. ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் நடத்தி 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்களில் பலர் போன் பேச்சைத் தவிர்த்து எழுத்தை விரும்புவதைக் காட்டியது. நாள் முழுவதும் வேலையில் போனில் பேசியே தீரும் ஒருவர், வேலை முடிந்த பிறகு அந்தக் கருவியைக் காதில் வைக்க விரும்பாததும் நியாயம்தானே.

குணமும் உண்டு. மொழியியலாளர் டெபோரா டானன், நண்பர்களின் பேச்சைப் பதிவுசெய்து நுணுக்கமாக ஆராய்ந்தவர். பேச்சு நடையில் இரண்டு போக்குகளை அவர் காட்டினார். சிலர் அடுத்தவர் பேசும்போதே ஊடே புகுந்து "ஆமா ஆமா, எனக்கும் அப்படித்தான்" என்பார்கள். அது அவர்களுக்கு ஈடுபாட்டின் அடையாளம். சிலர் மற்றவர் முழுதாக முடிக்கும்வரை காத்திருப்பார்கள். அது அவர்களுக்கு மரியாதையின் அடையாளம். இந்த இருவரும் நண்பர்களானால் என்ன ஆகும்? முதலாமவர் தன் முறைக்காகக் காத்திருக்கும் இரண்டாமவரைப் பார்த்து, "இவன் ஒன்றும் பேச மாட்டேன் என்கிறானே" என்று இன்னும் அதிகமாகப் பேசுவார். இரண்டாமவருக்கு வாய் திறக்க இடமே கிடைக்காது. இருவரும் நல்ல எண்ணத்தோடுதான் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஜோடிகள் மெசேஜில் அழகாகப் பேசிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். எழுத்தில் யாரும் யாரையும் குறுக்கிட முடியாது.

எத்தனை பேர் என்பதும் கணக்கில் வருகிறது. மானுடவியலாளர் ராபின் டன்பரும் அவரோடு ஆய்வு செய்தவர்களும், ஒரே பேச்சில் வசதியாகப் பங்கெடுப்பவர்கள் சுமார் நான்கு பேர்தான் என்று கண்டார்கள். ஐந்தாவது ஆள் வந்ததும் கூட்டம் தானாக இரண்டு பேச்சாகப் பிரிந்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் இருபது பேர் இருந்தாலும் அப்படிப் பிரிய முடியாது. எல்லோருடைய பேச்சும் ஒரே குழாயில் வந்து விழும். நாலு பேர் பேச, மீதிப் பேர் மௌனமாகப் படிப்பது இதனால்தான். குழுவில் வாயே திறக்காத நண்பர் தனியே மெசேஜ் போட்டால் மடை திறந்தாற்போல் பேசுவார், முயன்று பாருங்கள்.

கூச்சம் செய்யும் தப்புக்கணக்கு

விருப்பத்தை மதிக்க வேண்டும் என்று இவ்வளவு சொன்ன பிறகு, அதன் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். நமக்குப் பிடித்ததாக நாம் நினைப்பது சில நேரம் விருப்பமே இல்லை, கூச்சம்.

அமித் குமார், நிக்கோலஸ் எப்லி இருவரும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், நெடுநாள் தொடர்பில்லாத நண்பரோடு மறுபடி பேசுவதைப் பற்றிக் கேட்டார்கள். போனில் பேசினால் நெருக்கம் கூடும் என்று பலரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனாலும் சங்கடமாக இருக்கும் என்று எண்ணி, எழுதுவதையே தேர்ந்தார்கள். பிறகு இன்னார் போன் செய்ய வேண்டும், இன்னார் மின்னஞ்சல் எழுத வேண்டும் என்று குலுக்கல் முறையில் பிரித்துவிட்டபோது, போனில் பேசியவர்களுக்கு நெருக்கம் கூடியது. பயந்த சங்கடம் எழுதியவர்களைவிட அதிகமாக ஏற்படவில்லை. வீடியோவில் முகம் பார்த்துப் பேசியவர்களுக்கும் வெறும் குரலில் பேசியவர்களுக்கும் நெருக்கத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பது அதே ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி. குரல்தான் வேலையைச் செய்கிறது.

பெக்கி லியுவும் சக ஆய்வாளர்களும் 2022-இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில் போகிறது. சும்மா நினைவு வந்தது, எப்படி இருக்கிறாய் என்று நலம் விசாரித்தால் எதிரில் இருப்பவர் எவ்வளவு மகிழ்வார் என்பதை, விசாரிப்பவர்கள் குறைத்தே மதிப்பிட்டார்கள். எதிர்பாராத நேரத்தில் வந்த விசாரிப்புக்குத்தான் மகிழ்ச்சி அதிகம். "திடீர்னு கூப்பிட்டா என்ன நினைப்பாளோ" என்று யோசிக்கும் ஒவ்வொரு முறையும் இதை நினைத்துக்கொள்கிறேன்.

விஷயமே இல்லாமல் பேசுவதற்கும் பெயர் உண்டு. மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923-லேயே, தகவல் சொல்வதற்காக இல்லாமல் உறவைத் தொட்டுக்கொள்வதற்காக மட்டுமே நடக்கும் பேச்சு என்று அதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். "என்ன பண்ற?" "சும்மாதான்." இந்த இரண்டு வரியில் தகவல் ஏதும் இல்லை. ஆனால் இந்த இரண்டு வரி நின்றுபோன நட்பு எனக்கு ஒன்று உண்டு. முக்கியமான செய்தி இருந்தால் மட்டும் பேசிக்கொள்வோம் என்று ஆகி, அப்புறம் முக்கியமான செய்தியையும் வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலை வந்துவிட்டது.

எதை எப்படிச் சொல்வது

இதற்கு விதி கிடையாது. என் அனுபவத்தில் கைகொடுத்ததைச் சொல்கிறேன்.

தேதி, நேரம், முகவரி, எண் எல்லாம் எழுத்தில்தான். போனில் சொன்னாலும் பிறகு ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். சண்டையை மட்டும் எழுத்தில் நடத்தாதீர்கள். ஒவ்வொரு வரியையும் இருவரும் மிகக் கடுமையான குரலில் படிப்பீர்கள். இரண்டு முறை பதில் போயும் சூடு தணியவில்லை என்றால், "இதை எழுதி எழுதிப் பெரிசாக்க வேண்டாம், கூப்பிடட்டுமா?" என்று கேட்டுவிடலாம். மன்னிப்புக்குக் குரல் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் காயம்பட்டவர் இன்னும் பேசத் தயாராக இல்லையென்றால் எழுதுங்கள், அவர் தன் நேரத்தில் படிக்கட்டும்.

துக்கம் நேர்ந்த நண்பருக்கு உடனே போன் செய்வதுதான் பாசம் என்று முன்பு நினைத்திருந்தேன். இப்போது முதலில் எழுதுகிறேன். அழுதுகொண்டிருப்பவரைப் பத்துப் பேரிடம் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது கொடுமை. "பதில் எழுத வேண்டாம். பேசணும்னு தோணும்போது கூப்பிடு, எந்த நேரமா இருந்தாலும் எடுப்பேன்" என்று எழுதுவேன். எடுக்கவும் செய்ய வேண்டும்.

வாய்ஸ் மெசேஜ் இரண்டு உலகத்துக்கும் நடுவில் நிற்கிறது. குரல் இருக்கிறது, அவசரம் இல்லை. என் தோழிக்குக்கூட அதைக் காதில் மாட்டிக் கேட்க முடிகிறது. ஆனால் பேசுபவருக்கு இருக்கும் வசதி கேட்பவருக்கு இல்லை. எழுத்தை ஒரு பார்வையில் ஓட்டிவிடலாம், எட்டு நிமிடக் குரலை எட்டு நிமிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். நடுவில் ஒரு கேள்வி புதைந்திருந்தால் அது தவறிப்போகும். கேள்வியை மட்டும் கீழே ஒரு வரி எழுதிவிட்டால் பெரிய உபகாரம்.

அப்புறம், "உன்கிட்ட கொஞ்சம் பேசணும்" என்று மட்டும் எழுதிவிட்டுக் காணாமல் போகாதீர்கள். படித்தவர் அன்று முழுவதும் என்ன தப்பு செய்தோம் என்று தேடிக்கொண்டிருப்பார். "கொஞ்சம் பேசணும், பயப்படாத, வேலை மாறலாமான்னு உன் யோசனை வேணும்" என்று இன்னும் ஆறேழு சொல் சேர்த்தால் போதும். போனைப் பார்த்தாலே பதறுபவர்களில் பலருக்கு உண்மையான சிக்கல், எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்று முன்கூட்டித் தெரியாததுதான். "அவசரமில்ல, சும்மாதான் கூப்பிடுறேன்" என்று ஒரு வரி முன்னால் போனால் அவர்களே எடுப்பார்கள்.

கேட்டுவிடுவது

இத்தனை ஆய்வுகளைப் படித்தாலும், என் தோழியின் வீட்டில் கதவு இல்லை என்பதை அவளிடம் கேட்காமல் நான் தெரிந்துகொண்டிருக்க முடியாது. "உனக்குப் பேச எது வசதி? எந்த நேரம் வசதி?" இந்தக் கேள்வியைப் புதிதாகப் பழகுபவரிடம் எளிதாகக் கேட்டுவிடுகிறோம். பத்து வருட நண்பரிடம் கேட்பதில்லை, எல்லாம் தெரியும் என்று நினைப்பு. ஆனால் வேலை மாறியிருக்கும், வீடு மாறியிருக்கும், குழந்தை பிறந்திருக்கும், உடம்புக்கு முடியாமல் இருக்கும். போன வருடம் மணிக்கணக்கில் போனில் பேசியவர் இந்த வருடம் நாலு வரிக்கு மேல் எழுத முடியாத நிலையில் இருக்கலாம்.

நம்முடைய விருப்பத்தையும் சொல்ல வேண்டும். எனக்குக் குரல் வேண்டும். எழுத்தில் எவ்வளவு பேசினாலும் ஆளைப் பார்க்காத குறை எனக்கு இருக்கும். இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லாமல், "எனக்கு அப்பப்ப உன் குரல் கேட்கணும்டி" என்று தோழியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நான் வெளியே நடக்கப் போறப்ப முடியும்" என்றாள்.

இப்போதும் நான் கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். எழுதுவாள், நானும் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுகிறேன். வாரத்தில் ஒருநாளோ இரண்டு நாளோ, மாலையில், அவளிடமிருந்து ஒற்றைச் சொல்லாக ஒரு மெசேஜ் வரும்: "நடக்கிறேன்." கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுக் கூப்பிடுவேன். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிடுவாள்.